ஹய் இப்னு யக்ளான்: விதையைக் காத்தவனின் கதை

 

இயற்கையை நேசிக்கவும், எளிமையாக வாழவும், தம்மைத் தாமே பண்படுத்திக்கொள்ளவும் பிள்ளைகளைத் தூண்டும் நூல் ஏதேனும் உண்டா என்று பெற்றோர் சிலர் நம்மிடம் கேட்பதுண்டு. அத்தகைய நூல்கள் மேலைநாட்டாரிடமே உள்ளன என்ற எண்ணம் அவர்கள் பேச்சில் தொனிக்கும். நம் முன்னோரின் நூலகம் நமக்கே அந்நியமாகிவிட்டதன் அடையாளம் இது.

கி.பி. 12ஆம் நூற்றாண்டின் அந்தலூசியாவை எண்ணிப் பார்ப்போம். இஷ்பீலியா நகரைச் சேர்ந்த இப்னுல் அவ்வாம், அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் 'கிதாபுல் ஃபிலாஹா' என்னும் வேளாண் நூலை எழுதினார். மண்ணின் வகை, எரு, நீர்ப்பாசனம், ஒட்டுக்கட்டுதல் ஆகியவற்றோடு ஏறத்தாழ 585 தாவரங்களைப் பற்றியும் அந்நூல் பேசுகிறது. முன்னோர் கூற்றுகளைத் தொகுத்ததோடு நில்லாமல், தாமே செய்து பார்த்தவற்றையும் அவர் குறித்து வைத்தார். 1802இல் மத்ரீதில் அது ஸ்பானிய மொழிபெயர்ப்புடன் அச்சேறியது.

அதே நூற்றாண்டில், கர்னாத்தாவுக்கு அருகிலுள்ள வாதீ ஆஷில் பிறந்தவர் இப்னு துஃபைல். முவஹ்ஹிதீன் கலீஃபா அபூ யஃகூப் யூசுஃபின் மருத்துவராக விளங்கியவர். இப்னு ருஷ்தை அந்த அவைக்கு அறிமுகப்படுத்தியவரும் இவரே. 1185இல் மர்ராகிஷில் மறைந்தார். அவர் எழுதிய 'ஹய் இப்னு யக்ளான்' மனிதரே இல்லாத ஒரு தீவில் மானின் பாலருந்தி வளரும் குழந்தையின் கதை. அத்தீவு இந்தியத் தீவுகளுள் ஒன்று, நிலநடுக்கோட்டின் கீழ் அமைந்தது என்று கதை தொடங்குகிறது.

தாயாய் வளர்த்த மான் இறக்கிறது. அதைவிட்டு நீங்கியது எது என்று தேடுவதிலிருந்து ஹய்யின் கல்வி ஆரம்பமாகிறது. உடலை அடக்கம் செய்யக் காகத்தைப் பார்த்துக் கற்கிறான். ஆதமுடைய மகனின் வரலாற்றை ஸூரத்துல் மாயிதாவில் ஓதியவர்களுக்கு இவ்விடம் நன்கு விளங்கும். ஏழேழு ஆண்டுகளாக அவன் அறிவு முதிர்ந்து, படைப்பினங்களிலிருந்து படைத்தவனை அறியும் நிலையை எட்டுகிறது.

படைத்தவனை அறிந்த பின்னர் அவன் உண்ணும் முறையே மாறிவிடுகிறது. எந்த உயிரை உண்டாலும் அது முழுமை பெறுவதை நாம் தடுத்தவராவோமே என அஞ்சுகிறான். ஆயினும் உண்ணாமல் உயிர் வாழ இயலாது. எனவே தனக்குத்தானே சட்டம் வகுத்துக்கொள்கிறான்: நன்கு பழுத்த கனிகளையே உண்ண வேண்டும், விதையைத் தின்னவோ, பாறையிலும் உவர் நிலத்திலும் எறியவோ கூடாது, கனி கிடைக்காதபோது, மிகுதியாக உள்ள இனத்திலிருந்தே எடுக்க வேண்டும், எந்த இனத்தையும் அடியோடு அழித்துவிடக் கூடாது, பசி தீரும் அளவே போதும். வாடும் செடிக்கு நீர் ஊற்றுவதையும், முள் தைத்த விலங்கின் துயர் களைவதையும், ஓடையை மறித்த கல்லை அகற்றுவதையும் தன் கடமையாகவே கொள்கிறான்.

இந்நூலை 1671இல் எட்வர்ட் போக்காக் இலத்தீன் மொழியிலும், 1708இல் சைமன் ஆக்லி அரபியிலிருந்து நேரே ஆங்கிலத்திலும் வெளியிட்டனர். ஐரோப்பா ஆர்வத்தோடு வாசித்த இந்நூலை நம் வீடுகளில் எத்தனை பேர் அறிவோம்?

நம் வகுப்பில் இக்கதையைச் சொன்னபோது ஒரு மாணவர் கேட்டார்: "ஹஜ்ரத், நோன்பு திறந்த பேரீச்சங்கொட்டைகளையெல்லாம் நாம் எங்கே போடுகிறோம்?" நம்மிடம் பதில் இல்லை. குப்பைத் தொட்டி நிறைய அவற்றைக் கொட்டியவர்களுள் நாமும் ஒருவர்.

கதையின் இறுதி, கற்பிப்போருக்கு இன்னும் கடினமான பாடம். அண்டைத் தீவிலிருந்து வரும் அப்ஸால் என்பவரிடம் ஹய் மொழியைக் கற்று, நபிமார்கள் கொணர்ந்த மார்க்கத்தை ஏற்கிறான். பின்னர் மக்களுக்குத் தன் ஞானத்தைப் போதிக்கச் செல்கிறான். அவர்களோ முகம் திருப்புகின்றனர். அவன் அவர்களைப் பழிக்கவில்லை. ஷரீஅத்தின் வெளிப்படையான கட்டளைகளே அவர்களுக்கு ஏற்றவை என உணர்ந்து, மன்னிப்புக் கேட்டுத் திரும்புகிறான்.

குழாயை முழுதாகத் திறந்து ஒளூச் செய்யும் பிள்ளைகளை நாம் பலமுறை கடிந்திருக்கிறோம்; பயன் சிறிதே. நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து', அதாவது இரு கைகள் கொள்ளும் அளவு நீரில் ஒளூச் செய்தார்கள் என்பதையும் ஓதிக் கொடுத்தோம். ஆனால் நம் குழாய் எவ்வளவு திறந்திருந்தது என்று நாம் பார்க்கவில்லை. இப்போது நாம் ஒரு குவளை நீரில் ஒளூச் செய்யப் பழகுகிறோம். சொல்லாமலே இரண்டு மாணவர்கள் குவளை எடுத்து வந்தனர்.

இன்றிரவு பிள்ளைகளுக்கு இக்கதையைச் சொல்லுங்கள். அடுத்து உண்ணும் கனியின் விதையை அவர்களோடு சேர்ந்து மண்ணில் ஊன்றுங்கள். அதன் கனியைப் பறவை உண்டாலும் நமக்கு அது தர்மமாகும் என்பது நபிமொழி தரும் நற்செய்தி. அல்லாஹ் நம் அனைவருக்கும் அறிந்தபடி நடக்க அருள்புரிவானாக! ஆமீன்.