படுதா ஓரத்துப் பையன்

கோடை விடுமுறையில் பள்ளிக்கூடத்துப் பையன்கள் வேலைக்குப் போவது அமெரிக்காவில் பழைய வழக்கம். பழம் பறிப்பார்கள், பத்திரிகை போடுவார்கள், கடையில் பெட்டி தூக்குவார்கள். நாலு காசு கையில் சேரும். பள்ளிக்கூடம் திறந்ததும் வேலையும் மறந்துவிடும், காசும் கரைந்துவிடும். 1917-ஆம் வருஷத்துக் கோடையில் ஒரு பையனுக்குக் கிடைத்த ஊதியம் மட்டும் அப்படிக் கரையவில்லை. முப்பத்து மூன்று வருஷ காலம் அது வட்டியும் முதலுமாக வளர்ந்துகொண்டே இருந்தது. அந்தக் கணக்கைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

ஊரின் பெயர் ஸ்போகேன். அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாகாணத்தில் இருக்கிறது. தலைநகரமான வாஷிங்டன் வேறு. அது நாட்டின் மறு கோடி. பையனுக்கு வைத்த பெயர் ஹாரி லில்லிஸ் கிராஸ்பி. அக்கம்பக்கத்தில் வழங்கிய பெயர் பிங். 1903-ல் பிறந்தவன். ஏழு குழந்தைகளில் நாலாவது. தகப்பனார் ஒரு பீர் தொழிற்சாலையில் கணக்கர். 1916-ல் அந்த மாகாணத்தில் மதுவிலக்கு வந்தது. பீர் தொழிற்சாலைக் கணக்கர் வீட்டில் அதற்குப் பிறகு பணம் எப்படிப் புழங்கியிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த வீட்டில் கிராமபோன் இருந்தது. பாட்டுப் பைத்தியமும் இருந்தது. பிங்குக்கு அது சற்று அதிகமாகவே பிடித்திருந்தது.

அடுத்த கோடையில் அவன் ஊரிலிருந்த ‘ஆடிட்டோரியம்’ என்ற நாடகக் கொட்டகையில் எடுபிடியாகச் சேர்ந்தான். மேடைக்கு வேண்டிய சாமான்களை எடுத்து வைப்பதும், காட்சி முடிந்ததும் அப்புறப்படுத்துவதும் வேலை. வயது பதினாலு. அந்த மேடைக்கு வந்த பெரிய நடிகர்களுள் ஒருவர் ஆல் ஜால்சன்.

ஜால்சனைப் பற்றி இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? அன்று அமெரிக்காவில் அவரைத் தெரியாதவர் கிடையாது. லிதுவேனியாவில் ஒரு யூதப் புரோகிதருக்குப் பிள்ளையாகப் பிறந்து, சிறு வயதில் கப்பலேறி வந்தவர். நியூயார்க் நாடக மேடையில் முடிசூடா மன்னர். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசை வரை குரல் எட்ட வேண்டும். ஜால்சனின் குரல் எட்டிற்று. மேடையிலிருந்து ஜனங்களின் நடுவே ஒரு நீண்ட நடைமேடை போடச் சொல்லி, அதில் ஓடி வந்து பாடுவார். டிக்கட் வாங்கியவர்கள் கிறங்கிப்போவார்கள்.

நமது பையன் டிக்கட் வாங்கவில்லை. படுதாவின் ஓரத்தில் நின்று பார்த்தான். அதுதான் அவனுக்குக் கிடைத்த அதிகப்படி ஊதியம். எதிரே உட்கார்ந்திருக்கும் ரசிகனுக்குச் சமைத்த பண்டம்தான் வந்து சேருகிறது. ஓரத்தில் நிற்பவனுக்கு அடுப்பங்கரை தெரிகிறது. ஜால்சன் ஹவாய்த் தீவுப் பாட்டுக்களைக் கேலி செய்து பாடினார். எழுதி வைத்த வசனத்தை விட்டுவிட்டு அப்போதைக்கப்போது தோன்றியதைப் பேசினார். எது ஏட்டில் உள்ளது, எது அந்தக் கணத்தில் பிறந்தது என்பது சாமான் எடுத்து வைக்கிற பையனுக்குத் தெரிந்த அளவு முன் வரிசைக் கனவானுக்குத் தெரியுமா? பிங் மெய்ம்மறந்து நின்றான். பின்னாளில் அந்தப் பாட்டைப் பற்றிப் பேசும்போது மின்சாரம் என்றே வர்ணித்தார்.

ஏகலைவனுக்கும் துரோணர் பாடம் சொல்லித் தரவில்லை. ஜால்சனுக்கும் ஓரத்தில் ஒரு சிஷ்யன் நிற்பது தெரிந்திருக்காது. அந்த நாளில் ஜால்சனைப் போல் பாடியவர்கள் அமெரிக்காவில் எத்தனையோ பேர். மண்டியிட்டுக் கையை விரித்து முழங்கினார்கள். பிங் அப்படிச் செய்யவில்லை. சட்டப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, 1925-ல் ஒரு நண்பனோடு பழைய ஃபோர்டு மோட்டாரில் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போனார். மறு வருஷமே பால் ஒயிட்மன் என்ற புகழ்பெற்ற வாத்திய கோஷ்டித் தலைவர் இருவரையும் சேர்த்துக்கொண்டார்.

இதற்குள் மைக்ரோபோன் வந்துவிட்டது. கத்தத் தேவையில்லை என்பதைச் சீக்கிரம் கண்டுகொண்டவர்களில் பிங் ஒருவர். பக்கத்து நாற்காலியில் இருப்பவரோடு பேசுவதுபோல் பாடினார். நடுவில் சீட்டியடித்தார். பாட்டு அப்போதுதான் மனத்தில் உதித்தது போன்ற ஒரு தோற்றம். குரலில் குருவின் சாயல் இல்லை. படுதா ஓரத்தில் கண்ட அந்த ‘அப்போதைக்கப்போது’ மாத்திரம் அப்படியே இருந்தது.

கறுப்புப் பக்கமும் ஒன்று உண்டு; அதை மறைப்பது நியாயமல்ல. ஜால்சன் முகத்தில் கரி பூசிக்கொண்டு நீக்ரோ வேஷத்தில் பாடியவர். ஓர் இனத்தையே நகைப்புக்கு இடமாக்கிய வழக்கம் அது. 1942-ல் ‘ஹாலிடே இன்’ என்ற படத்தில் பிங்கும் ஒரு பாட்டுக்கு அதே கரியைப் பூசிக்கொண்டார். எந்தப் படத்தில் தெரியுமா? உலகத்தில் மிக அதிகமாக விற்ற இசைத்தட்டென்று பெயர் பெற்ற ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’ பாட்டு வந்த அதே படத்தில். குருவிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதோடு தள்ள வேண்டியதும் சிஷ்யனிடம் வந்து சேர்ந்துவிடுகிறது.

ஜால்சனின் காலமோ தேய்ந்தது. 1927-ல் ‘தி ஜாஸ் சிங்கர்’ மூலம் பேசும் படத்துக்கே வழி திறந்தவர், பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் பழைய மனிதராகிவிட்டார். மைக்ரோபோன் கேட்டது முழக்கத்தையல்ல. பிங்கின் மெல்லிய குரலைத்தான். 1946-ல் ஜால்சனின் வாழ்க்கையைப் படமாக எடுத்தார்கள். வேறொருவர் நடிக்க, பாட்டை ஜால்சனே பாடிக் கொடுத்தார். மறுபடியும் ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். 1947-ல் பிங் தம் வானொலி நிகழ்ச்சிக்கு அவரை அழைத்தார். அதே வருஷம் இருவரும் சேர்ந்து ‘அலெக்ஸாண்டர்ஸ் ராக்டைம் பாண்டு’ என்ற பாட்டை இசைத்தட்டில் பதிந்தார்கள். சாமான் தூக்கிய பையன் இப்போது வீட்டுக்காரர், மன்னர் விருந்தாளி.

1950-ல் ஜால்சன் கொரியாவுக்குப் போய் யுத்தகளத்துச் சிப்பாய்களுக்குப் பாடினார். திரும்பி வந்து சில வாரங்களில், பிங்கின் நிகழ்ச்சியில் கலந்துகொள்ள ஸான் பிரான்ஸிஸ்கோவுக்குப் போய் ஒரு ஹோட்டலில் தங்கினார். அக்டோபர் 23-ஆம் தேதி இரவு, நண்பர்களோடு சீட்டாடிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு. அந்தப் பாட்டு பாடப்படவே இல்லை. ஏகலைவனிடம் கட்டைவிரலைக் கேட்டார் துரோணர். இந்தக் குருவோ ஒன்றும் கேட்கவில்லை. சிஷ்யனின் வாசலுக்கு வந்துகொண்டிருந்த வழியில் போய்விட்டார்.

பிங் கிராஸ்பி 1953-ல் தம் சுயசரிதையை வெளியிட்டார். தம்மை அதிர்ஷ்டசாலி என்று சொல்லிக்கொள்வதுதான் அதன் தலைப்பு. இருக்கலாம். ஆனாலும் அதிர்ஷ்டம் வருகிற நேரத்தில் கையில் நாற்காலியோடு படுதா ஓரத்தில் நிற்க ஒருவன் வேண்டும். உங்கள் வீட்டுப் பையன் விடுமுறையில் ஏதாவது கொட்டகையில் எடுபிடியாகப் போகிறேன் என்று சொன்னால், சம்பளம் எவ்வளவு என்று உடனே கேட்டுவிடாதீர்கள். அங்கே யார் பாடுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.