அடிக்கட்டைகளினூடே ஓடிய ஏர்

1620ஆம் ஆண்டு மார்கழியில் வட அமெரிக்காவின் பிளிமத் கரையிற் குடியேறிய ஆங்கிலேயரிடம் உழவு மாடு ஒன்றேனும் இருக்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் அவர்களுள் ஏறக்குறைய அரைவாசிப்பேர் மாண்டனர். எஞ்சியோர் அடுத்த வசந்தத்தில் மண்வெட்டிகொண்டே நிலத்தைக் கொத்தினர்.

அவர்களுக்குச் சோளம் நடும் முறையைக் கற்பித்தவர் டிஸ்குவாண்டம் என்னும் பழங்குடியினர். மண்ணைச் சிறு மேடுகளாகக் குவித்து, மீனை எருவாகப் புதைத்து, அதன்மேல் விதையிடுவதே அம்முறை. 1614இல் ஆங்கிலேயக் கப்பலொன்றிற் சிறையாகக் கொண்டுசெல்லப்பட்ட அவர், பின்னர் மீண்டபோது தம் ஊரார் கொள்ளைநோயால் அழிந்துபோயிருக்கக் கண்டார். குடியேறிகள் கொத்திய நிலம் அவ்வூராரின் நிலமே. 1621இல் அவர்கள் இருபது ஏக்கரிற் சோளமும் ஆறு ஏக்கரில் வாற்கோதுமையும் பட்டாணியும் பயிரிட்டனர். சோளம் நன்கு விளைந்தது. வாற்கோதுமை ஓரளவு தேறிற்று. இங்கிலாந்துப் பட்டாணியோ பயன்படவில்லை.

1624இல் ஒரு காளையும் மூன்று கிடாரிகளும் கப்பலில் வந்தன. மாடுகள் பெருகிய பின்னரே நியூ இங்கிலாந்தில் ஏர் பெருகியது. அக்கலப்பை நம் நாட்டு மரக்கலப்பையைப் போல மண்ணைக் கீறிச் செல்வதன்று. கொழு அறுத்த மண்ணைப் பக்கத்தே புரட்டிவிடும் வளைந்த பலகையொன்றையும் உடையது. பலகை மரத்தாலானது. தேய்வைத் தடுக்க அதன்மேற் பழைய இரும்புத் துண்டுகளை அறைவதுண்டு. பாரம் மிகுந்த அக்கருவியை இழுக்க இரண்டு மூன்று சோடி எருதுகள் வேண்டியிருந்தன. காட்டை வெட்டித் திருத்திய நிலத்திலோ அடிக்கட்டைகளும் வேர்களும் உக்கிப்போகப் பல ஆண்டுகள் சென்றன. அதுவரை ஏர் அவற்றைச் சுற்றியே ஓடவேண்டியிருந்தது.

உழுத கட்டிகளை உடைப்பது பரம்பின் வேலை. முக்கோண மரச்சட்டத்தில் முளைகளைப் பற்களாக அறைந்து அதனைச் செய்தனர். கூரிய முனை முன்னே செல்வதால் அது கட்டைகளிற் சிக்காது விலகும். அதற்கும் வசதியற்றவன் முட்செடிக் கொம்பையே கட்டி இழுத்தான். பின்னர் விதைப்பவன் தோளிற் பையைத் தொங்கவிட்டு, அடிக்கு ஒரு வீச்சாக விதையை இறைப்பான். அதனை மூட மீண்டும் பரம்பு ஓடும். கோதுமையைத் துருநோய் தாக்கியமையால் பலர் றை என்னும் தானியத்தை நாடினர். அந்நோய்க்குப் புகலிடமான பார்பெரிச் செடியை அழிப்பதற்குக் கனெற்றிக்கற் குடியேற்றம் 1726இற் சட்டமே இயற்றியது.

நிலம் மலிவாயிருந்தமை உழவுக்குக் கேடாயிற்று. ஒரு வயல் சோர்ந்தால் எருவிட்டுத் தேற்றுவதிலும் புதுக்காட்டை வெட்டுவதே எளிதெனப் பலர் கருதினர். இதனை மாற்ற முனைந்தவருள் முதன்மையானவர் கனெற்றிக்கற்றைச் சேர்ந்த ஜறெட் எலியற். போதகரும் மருத்துவருமான அவர், 1748 முதல் சதுப்பு வடித்தல், எருவிடுதல் முதலியன பற்றிக் கட்டுரைகள் வெளியிட்டார். இங்கிலாந்தில் ஜெத்ரோ ரல் அமைத்த வரிசை விதைப்புக் கருவி சிக்கலும் செலவும் மிக்கது. யேல் கல்லூரித் தலைவர் தோமஸ் கிளாப்பின் கணித அறிவையும் வண்டிச் சில்லுத் தச்சர் ஒருவரின் கைத்திறனையும் துணைக்கொண்டு எலியற் அதனை எளிதாக்கினார். ஆயினும் 1763இல் அவர் மறைந்தபோது பெரும்பாலோர் கையாலேயே விதைத்துக்கொண்டிருந்தனர்.

1797இல், குடியேற்ற ஆட்சி நீங்கிய பின்னர், சாள்ஸ் நியூபோல்ட் என்பவர் வார்ப்பிரும்புக் கலப்பைக்கு உரிமம் பெற்றார். இரும்பு மண்ணை நஞ்சாக்கும், களையைப் பெருக்கும் என்று கூறி உழவர்கள் அதனை வாங்க மறுத்தனர்.