‘விசாகா கமிட்டி’: ஒரு பெயரின் பின்னுள்ள வரலாறு

தமிழ்நாட்டு அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும், பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றிய புகாரை விசாரிக்கும் குழுவை ‘விசாகா கமிட்டி’ என்று சொல்வதே இன்றும் பெருவழக்கு. சட்டம் அதற்கு இட்ட பெயரோ ‘உள்ளகக் குழு’. விசாகா என்பது பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரன்று. ஜெய்ப்பூரில் மகளிர் கல்விக்காகவும் ஆய்வுக்காகவும் இயங்கிய ஓர் அமைப்பின் பெயர். பிற மகளிர் அமைப்புகளோடு சேர்ந்து அது தொடுத்த பொதுநல வழக்கே அப்பெயரை நாடெங்கும் பரப்பியது. வழக்குக்குக் காரணமாக அமைந்தவர் ஜெய்ப்பூருக்கு அருகிலுள்ள பட்டேரி என்னும் சிற்றூரின் பன்வாரி தேவி.

ராஜஸ்தான் அரசு 1984-இல் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில், ஊர்ப் பெண்களை ஒன்றுதிரட்டிச் சமூகச் சீர்திருத்தப் பணிகளைச் செய்யும் பொறுப்பு ‘சாத்தின்’ எனப்பட்ட களப்பணியாளர்களிடம் விடப்பட்டது. தோழி என்று பொருள்படும் அப்பெயரைத் தாங்கியவர்களுக்கு அரசு ஊழியர் என்ற தகுதி தரப்படவில்லை. சிறு மதிப்பூதியமே கிடைத்தது. குயவர் குடும்பத்தைச் சேர்ந்த பன்வாரி, 1992-இல் அட்சய திருதியையையொட்டி நடைபெறும் குழந்தைத் திருமணங்களைத் தடுக்க அரசு மேற்கொண்ட இயக்கத்தின்போது, ஒரு வயதும் நிரம்பாத பெண் குழந்தைக்கு நடக்கவிருந்த திருமணத்தைத் தடுக்க முயன்றார். காவலர்கள் வந்து சென்ற பிறகும் அத்திருமணம் நடந்தேறியது; பகை மட்டும் பன்வாரியின்மேல் வந்து நின்றது. ஊரார் அக்குடும்பத்தின் மண்பாண்டங்களை வாங்க மறுத்தனர். பால் விற்கவும் மறுத்தனர். அவ்வாண்டு செப்டம்பர் 22 அன்று வயலில் வேலை செய்துகொண்டிருந்தபோது, கணவரைத் தாக்கிவிட்டு, ஆதிக்கச் சாதியினர் அவரைக் கூட்டு வன்புணர்வுக்கு ஆளாக்கினர். புகார் கொடுக்கச் சென்றவரிடம் அவர் அணிந்திருந்த பாவாடையைக் காவல்துறை சான்றுப் பொருளாகக் கேட்டு வாங்கிக்கொள்ள, கணவரின் தலைப்பாகைத் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு அவர் இரவில் நடந்து திரும்ப நேர்ந்தது. மருத்துவப் பரிசோதனை நடந்ததோ இரண்டு நாள் கடந்த பின்னர்தான். 1995-இல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டோரை வன்புணர்வுக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது.

அக்காலத்தில் இத்தகைய பெண்ணுக்குத் துணைநின்றவை 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்திலிருந்த பிரிவுகளே ஆகும். வன்புணர்வுக்கு அப்பாலான தொல்லைகளைப் பொறுத்தவரை 354, 509 ஆகிய பிரிவுகள் ‘பெண்ணின் நாணத்துக்கு’ இழுக்கு விளைவித்தலைப் பற்றிப் பேசினவேயன்றி, அவளுடைய வேலையைப் பற்றிப் பேசவில்லை. மகளிர் அமைப்புகள் முன்வைத்த கேள்வியோ வேறானது: ஒரு பெண் தன் பணியைச் செய்ததனாலேயே தீங்குக்கு ஆளானால், அப்பணியைக் கொடுத்தவருக்குப் பொறுப்பு இல்லையா? தலைமை நீதிபதி ஜே. எஸ். வர்மா, சுஜாதா மனோகர், பி. என். கிர்பால் ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு 1997 ஆகஸ்ட் 13 அன்று அதற்கு விடையளித்தது. பாலியல் துன்புறுத்தல் சமத்துவம், வாழ்வு, தொழில் செய்யும் சுதந்திரம் ஆகிய அடிப்படை உரிமைகளை மீறுவது என்று அறிவித்த நீதிமன்றம், பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் பன்னாட்டு உடன்படிக்கையை 1993-இல் இந்தியா ஏற்புறுதி செய்ததையும் துணைக்கொண்டு, சட்டம் இயற்றப்படும்வரை சட்டத்துக்கு இணையாக விளங்கும் வழிகாட்டு நெறிமுறைகளை வகுத்தது. பெண் ஒருவர் தலைமை ஏற்கும், பாதிக்குக் குறையாத உறுப்பினர்கள் பெண்களாக இருக்கும், வெளியார் ஒருவரும் இடம்பெறும் குழு அவ்வாறுதான் பிறந்தது.

நாடாளுமன்றம் சட்டம் இயற்றப் பதினாறு ஆண்டுகள் பிடித்தன. அதற்கிடையே 1999-இல் ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் குழும வழக்கில், உடல் தீண்டல் நிகழாவிடினும் அது துன்புறுத்தலே என்பதை உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. 2013 ஏப்ரலில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்று, டிசம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் ஒவ்வோர் இடத்திலும் உள்ளகக் குழுவைக் கட்டாயமாக்கியது. அதற்குக் குறைவானோர் பணிபுரியும் இடங்களுக்கும், உரிமையாளரே குற்றம் சாட்டப்படும் நேர்வுகளுக்கும் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழுவை ஏற்படுத்தியது. விசாரணையை 90 நாட்களுக்குள் முடிக்கவும் பணித்தது.

வேலை கொடுப்போரின் பொறுப்பு, ஆளைப் பணியில் அமர்த்தும் வேளையிலேயே தொடங்குகிறது. முன்வரலாற்றுச் சரிபார்ப்பு எனப்படும் வழக்கம், அதாவது பணியில் சேர்பவர் கைது, வழக்கு, தண்டனை ஆகியவற்றைப் படிவத்தில் தெரிவிப்பதும் காவல்துறை அதைச் சரிபார்ப்பதும், அரசுப் பணியில் நெடுங்காலமாக உண்டு. அப்படிவத்தில் உண்மையை மறைத்தவரை நீக்கலாம் என்றும், எனினும் குற்றத்தின் தன்மையைச் சீர்தூக்கியே முடிவெடுக்க வேண்டும் என்றும் 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஆயினும் இவ்வழக்கம் தேடுவது காவல் நிலையப் பதிவுகளையே. உள்ளகக் குழு கண்டறிந்த உண்மை, குற்றவியல் புகாராக மாறாதவரை, அப்பதிவுகளில் ஏறுவதில்லை. பாதிக்கப்பட்டவரைக் காக்கும் பொருட்டு, குழுவின் பரிந்துரைகளைப் பொதுவெளியில் வெளியிடுவதையும் சட்டத்தின் 16-ஆம் பிரிவு தடுக்கிறது. இதனால் விசாரணை முடியுமுன் விலகிச் செல்பவர், அடுத்த நிறுவனத்தின் வாயிலைக் களங்கமற்றவராகவே கடந்துவிட முடிகிறது. ஆகவே, விலகல் கடிதத்தை ஏற்றுக்கொண்டு கோப்பை மூடிவிடாமல், விசாரணையை முடித்து முடிவைப் பணிப்பதிவேட்டில் ஏற்றும் நிறுவனமே தன் கடமையை முழுமையாகச் செய்ததாகும்.

2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொல் வரையறைகளைப் படிப்போர் அவற்றில் பட்டேரியின் தடத்தைக் காணலாம். ஊதியம் பெற்றோ பெறாமலோ, நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ, தன்னார்வமாகவோ உழைப்பவர் அனைவரும் பணியாளரே என்கிறது சட்டம். பணியின் பொருட்டு அவர் செல்லும் இடமெல்லாம், அதற்கென நிறுவனம் தரும் ஊர்தி உட்பட, பணியிடமே என்கிறது. மதிப்பூதியம் மட்டுமே பெற்று வீடுவீடாகச் சென்ற ஒரு சாத்தினை அன்று எந்த விதியும் பணியாளராகக் கொள்ளவில்லை. இன்று அவரைப் போன்ற அங்கன்வாடிப் பணியாளரையும் வீட்டு வேலை செய்பவரையும் சட்டத்தின் சொற்கள் அணைத்துக்கொள்கின்றன. பெரிய நிறுவனங்களின் உள்ளகக் குழுக்களைக் கொண்டு மட்டும் இவ்வரலாற்றின் வெற்றியை அளந்துவிட இயலாது. மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு எங்கே இருக்கிறது என்பதை அத்தகைய பெண்கள் அறிந்து, அங்கே அச்சமின்றிச் செல்லும் நாளில்தான் பன்வாரி தேவியின் வழக்கு எழுப்பிய கேள்விக்கு முழுமையான விடை கிடைக்கும்.