கண்டி மன்னரின் கிரீடம்



நம் திருத்தணிக்கு அண்மையிலுள்ள வேலூரில், பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் உண்டு. கண்டியின் கடைசி மன்னரான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் கல்லறை அங்கே இருக்கிறது. நாயக்கர் மரபில் கண்ணுசாமி என்னும் பெயருடன் பிறந்த அவர், 1798-இல் அரசரானார். அவர் அமர்ந்த அரியணை, 1693-இல் டச்சுக்காரர் கண்டி அரசருக்குப் பரிசளித்தது; பொன் தகடு போர்த்தியது; கைப்பிடிகளில் சிங்கங்கள் அமைந்தது.

அதை அவர் இழந்தது எப்படி? எகலப்பொல என்னும் பிரதானி அவரை எதிர்த்து, ஆங்கிலேயரிடம் தப்பியோடினார். கைக்கு எட்டாத அவருக்குப் பதிலாக, கைக்கு எட்டிய அவர் மனைவியையும் சிறு பிள்ளைகளையும் மன்னர் 1814-இல் கொல்வித்தார். நாட்டின் உள்ளம் அவரை விட்டு விலகியது. 1815-இல் ஆங்கிலேயர் படையெடுத்தபோது, பிரதானிகள் அவர் பக்கம் நிற்கவில்லை. கிரீடமும் அரியணையும் இங்கிலாந்துக்குச் சென்றன. மறு ஆண்டு வேலூருக்கு அனுப்பப்பட்ட மன்னர், 1832-இல் சிறைவாசியாகவே மரித்தார்.

1934-இல் கிரீடமும் அரியணையும் இலங்கைக்குத் திரும்பின. கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இன்றும் அவற்றைக் காணலாம். மன்னரோ திரும்பவில்லை.

அன்பானவர்களே, நமக்குக் கிரீடம் இல்லை. ஆனாலும் வீட்டிலோ, பணியிடத்திலோ, சபையிலோ ஏதோவோர் அதிகாரம் நம் கையில் இருக்கிறது. மேலதிகாரியிடம் காட்ட இயலாத கோபம், மாலையில் பிள்ளைகள்மேல் விழுகிறதல்லவா? முட்கிரீடம் சூட்டியவர்களுக்காகவும் நம் ஆண்டவர் மன்னிப்பையே வேண்டினார். இவ்வாரம் இதைச் சிந்திப்போம்.