கெடா ஷீட் போருக்குப் போன கதை

விடியும் முன் பிரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. பெயர் கொடுத்த கையோடு மரநிரைக்குப் போய் உளியால் ரப்பர் மரப் பட்டையைச் சீவிவிட்டால், சாய்ந்த வெட்டு வழியே பால் மங்கு என்னும் கிண்ணத்துக்குள் இறங்கும். வெயில் ஏற ஏறப் பால் குறையும் என்பதால்தான் அந்த இருட்டு வேலை. முற்பகலில் வாளியோடு ஸ்டோருக்கு வந்தால் எழுத்தரான கிராணி அளந்து எழுதுவார். அதன்பின் அமிலம் விட்டு உறையவைப்பு, உருளையில் அழுத்தல், புகையில் சில நாள் தொங்கல். கடைசியில் தேன் நிறத்தில் ஒரு ஷீட். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தரம் பிரித்துக் கட்டி, பினாங்குத் துறைமுகத்துக்கு அனுப்புவார்கள். மலாயாவின் கெடா மாநிலத்தில் சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் பக்கத்துத் தோட்டங்களில் தமிழர் கைகளில் நாள்தோறும் நடந்த வேலை இது.

பினாங்கிலிருந்து கப்பலேறிய ரப்பரில் பெரும்பங்கு போன இடம் அமெரிக்கா. கெடாவில் அமெரிக்க நிறுவனத்துக்கே சொந்தமான தோட்டங்களும் இருந்தன. ஐரோப்பாவில் போர் மூண்டதும் வாஷிங்டனுக்குக் கவலை பிடித்தது. 1940 ஜூனில் ரப்பர் ரிசர்வ் கம்பெனி என்ற அரசு நிறுவனத்தைத் தொடங்கி ரப்பரை வாங்கிக் குவித்தார்கள். ஒரு ஷெர்மன் டாங்கிக்கு அரை டன் ரப்பர் வேண்டும். ஒரு போர்க்கப்பலில் ரப்பராலான உறுப்புகள் இருபதாயிரம். மங்கில் சொட்டிய பால் எங்கே போய் என்னவாகிறது என்று சீவியவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சம்பளம் காசுக் கணக்கில் வந்தது, அவ்வளவுதான்.

1941 டிசம்பர் 8-ஆம் தேதி சுங்கை பட்டாணி விமானத் தளத்தில் குண்டு விழுந்தது. ஜப்பானியர் தாய்லாந்து எல்லையைத் தாண்டி இறங்கி வந்தார்கள். அலோர் ஸ்டாருக்கு வடக்கே ஜித்ராவில் பதினொன்றாவது இந்திய டிவிஷன் மறித்து நின்றது. பதுங்குகுழிகளில் மழைத் தண்ணீர் தேங்கி நின்ற மோசமான இடம் அது. மூன்று மாதம் தாக்குப்பிடிக்கும் என்று நம்பிய கோடு, டிசம்பர் 11, 12 இரண்டே நாளில் உடைந்தது. அடுத்து குரூண். பிறகு கெடா முழுவதும் போயிற்று, பினாங்கும் கூடவே.

இங்கே ஒரு வேடிக்கை. ஜப்பானியச் சிப்பாய்கள் சைக்கிளில் வந்தவர்கள். சூட்டில் டயர் வெடித்தால் ஒட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. வெறும் இரும்பு வளையத்திலேயே ஓட்டினார்கள். இராத்திரியில் அந்தக் கடகடச் சத்தத்தைக் கேட்டு டாங்கி வருகிறது என்று எதிரிகள் மிரண்டதுண்டு. உலகத்துக்கே ரப்பர் கொடுத்த மண்ணை, டயர் இல்லாத சக்கரத்தில் வந்து பிடித்தார்கள்.

ஜித்ராவில் சிதறிய படையில் ஒருவர் பஞ்சாப் ரெஜிமெண்டின் கேப்டன் மோகன் சிங். அலோர் ஸ்டாரில் ஜப்பானிய உளவு அதிகாரி புஜிவாராவோடு அவர் நடத்திய பேச்சுதான் இந்திய தேசிய ராணுவத்தின் முதல் விதை. பின்னாளில் நேதாஜி வந்தபோது தோட்டத்துப் பிள்ளைகள் பலர் அதில் சேர்ந்ததற்கு இந்தக் கெடாச் சந்திப்புதான் தொடக்கம். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும், ஷீட்டுக்குத் திரும்புகிறேன்.

ஷீட்டுக்கு இப்போது போக இடமில்லை. அமெரிக்கக் கப்பல் வராது. ஜப்பானால் அத்தனையையும் வாங்கிக்கொள்ள முடியாது, கொண்டுபோகக் கப்பலும் போதாது. எண்ணெய்த் தட்டுப்பாட்டில் ஜப்பானியர் ரப்பரையே காய்ச்சி வடித்து வண்டி ஓட்டும் எரிபொருள் எடுத்தார்கள். பெரும்பாலான மரங்கள் சீவப்படாமல் நின்றன. தோட்டங்களில் மரவள்ளிக்கிழங்கு நட்டார்கள். பால் விலைபோகாத இடத்தில் பால் வெட்டியவனும் விலைபோகவில்லை. அவனுக்கு வேறு வேலை கண்டுபிடித்தது ராணுவம்.

அதுதான் சயாம் மரண ரயில். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆசை காட்டியும் பிடித்தும் ஏற்றினார்கள். பாதையில் வேலை செய்த ஆசியத் தொழிலாளர் ஒரு லட்சத்து எண்பதாயிரம் அளவு, மாண்டவர் தொண்ணூறாயிரம் வாக்கில் என்பது பொதுவான மதிப்பீடு. காலரா, மலேரியா, பட்டினி. இது மதிப்பீடாகவே நிற்பதுதான் எனக்கு உறுத்துகிறது. பாலை அளந்து எழுதக் கிராணி இருந்தார். ஷீட்டுக்கு எடையும் தரமும் பதிவானது. ரயிலேறிய ஆளுக்கு அப்படி ஒரு பேரேடு இல்லை. அதே பாதையில் இறந்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளின் பெயர்களைக் காஞ்சனபுரி கல்லறைகளில் படிக்கலாம். கெடாவின் போர்ப் பங்களிப்பு என்று யாராவது பேசினால், கொடுத்தது எது, பிடுங்கியது எது என்று பிரித்துச் சொல்லச் சொல்வேன்.

1943 அக்டோபர் 17-ஆம் தேதி அந்த ரயில் பாதையின் இரு முனைத் தண்டவாளங்களும் கூடின. மறுநாளே கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு நான்கும் தாய்லாந்தின் கைக்கு முறைப்படி மாறின. 1909-இல் சயாம் (அன்றைய தாய்லாந்து) பிரிட்டனுக்கு விட்டுக்கொடுத்தவைதாம் இந்த மாநிலங்கள். கெடாவுக்கு மறுபடி சைபுரி என்று பெயர்.

கடலுக்கு அப்பால், இயற்கை ரப்பர் வரத்தில் பத்தில் ஒன்பது பங்கை இழந்த அமெரிக்கா ஆடிப்போயிருந்தது. அதிபர் ரூஸ்வெல்ட் 1942-இல் பழைய டயர், ரப்பர் செருப்பு, மழைக்கோட்டு எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுக்கச் சொன்னார். டயர் தேயாமலிருக்கக் காருக்கு மணிக்கு 35 மைல் வேகக் கட்டுப்பாடு. ரப்பர் தட்டுப்பாட்டை ஆராய்ந்த பாரூக் குழு அந்த செப்டம்பரில் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு, செயற்கை ரப்பர் ஆலைகள் முழு வேகத்தில் எழும்பின. பியூட்டடையீனையும் ஸ்டைரீனையும் சேர்த்துச் செய்த சரக்கு அது. போர் முடியும்போது ஆண்டுக்கு ஏழு லட்சம் டன்னுக்கு மேல் வந்தது. ஜித்ரா விழுந்ததன் நீண்ட நிழல் டெக்ஸஸ் வரை போய்விட்டது.

1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பினார்கள். பிரிட்டனுக்கு அமெரிக்க டாலர் தேவை; அதைச் சம்பாதித்துத் தரும் பெரிய சரக்கு மலாயா ரப்பர். காடு வெட்டி, மரங்களை மீண்டும் சீவச் சொன்னார்கள். சயாமிலிருந்து மீண்டவர்களும் வந்தார்கள், இந்திய தேசிய ராணுவத்தில் துப்பாக்கி பிடித்துப் பழகியவர்களும் வந்தார்கள். ஜப்பான்காரன் காலத்துக்கு முந்தைய பணிவை அவர்களிடம் எதிர்பார்த்த துரைகள் ஏமாந்தார்கள். தோட்டத் தொழிலாளரைத் திரட்டிய ஏ. எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடை மறியலில் தொடங்கியது. 1947-இல் பீடோங் வட்டாரத்தில் வேலைநிறுத்தம், போலீஸ் மோதல், கைது. அந்த ஆண்டே ரப்பர் விலை சரிந்தது. பினாங்கிலிருந்து மறுபடி கப்பலேறிய கெடா ஷீட்டோடு, அது வராமற்போன மூன்றரை ஆண்டுகளில் வளர்ந்த செயற்கை ரப்பர் அமெரிக்கச் சந்தையில் போட்டிக்கு நின்றது.