குறிக்கு அப்பால்



பெங்களூரில் நிம்ஹான்ஸ் மருத்துவமனையை ஒட்டிச் செல்லும் சாலையில் கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையம் இருக்கிறது. 1973-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நிலையம் அது. அதிகாலையில் அதன் வாயிலில் சிறிது நேரம் நின்றால், கன்னடத்தின் இடையிடையே தமிழும் தெலுங்கும் காதில் விழும். தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கத்து மக்களுக்குச் சென்னையைவிடப் பெங்களூரே அண்மை. வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு இத்தகைய வாயில்கள் புதியன அல்ல. மும்பைத் தமிழர்களுக்குப் பரேலில் 1941-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற டாட்டா நினைவு மருத்துவமனை எப்படியோ, இங்குள்ளவர்களுக்கு இது அப்படி. ஊரிலிருந்து உறவினர் நோயாளியை அழைத்து வருவார். நம் வீட்டுக் கூடத்தில் பாய் விரிக்கப்படும். மறுநாள் காலை நாமும் உடன் சென்று வரிசையில் நிற்போம்.

அப்படி நின்ற ஒரு நாள், தருமபுரிப் பக்கத்து மூதாட்டி ஒருவர் என்னிடம் பேச்சுக் கொடுத்தார். கணவருக்குத் தொண்டையில் புற்று. முப்பத்தைந்து நாள் ‘கரண்டு வைக்க’ வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். கதிர்வீச்சு மருத்துவத்துக்கு நம் மக்கள் இட்ட பெயர் அது. மின்சாரம் வேறு, கதிர் வேறு என்று திருத்தப் புகலாம். ஆயினும் கண்ணுக்குத் தெரியாமல் பாய்ந்து சுடுவது என்ற அளவில் அச்சொல்லைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை.

“தம்பி, கரண்டு வெச்சா நோவோட சேந்து உடம்புல இருக்கற எதிர்ப்பு சக்தியும் எரிஞ்சு போயிடுமாமே? பாதியில நிறுத்திடலாமான்னு பையன் கேக்கறான்” என்றார்.

அரசாங்கக் காகிதங்களை மொழிபெயர்த்து வயிறு வளர்க்கும் கலைப் பட்டதாரியாகிய என்னிடம் அதற்கு விடை இல்லை. பின்னர் நூல்களைப் புரட்டியபோதுதான், அம்மூதாட்டியின் வினாவை விஞ்ஞானிகள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டு வருகிறார்கள் என்பது தெரிந்தது.

1895-ஆம் ஆண்டு ரான்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டார். 1898-இல் கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டனர். வெகு விரைவில் இரண்டும் புற்றுநோயின்மேல் பிரயோகிக்கப்பட்டன. 1906-இல் பெர்கோனியே, திரிபோந்தோ என்ற பிரெஞ்சுக்காரர் இருவர் ஒரு விதி வகுத்தனர்: விரைந்து பெருகும் உயிரணுக்களையே கதிர் அதிகமாகத் தாக்கும் என்பது அது. புற்றணு விரைந்து பெருகுவது. ஆகவே அது முதலில் மடியும். இவ்விதிக்கு ஒரு முரண்பாடு உண்டு. இரத்தத்தில் உலவும் லிம்போசைட் எனப்படும் நிணவணு, பெருகாமல் ஓய்ந்திருக்கும் நிலையிலும் சிறிதளவு கதிர் பட்டவுடன் மடிந்துவிடுகிறது. உடலைக் காக்கும் படைவீரன் அதுவே என்பதை அக்காலத்தில் யாரும் அறியவில்லை.

ஐயுற்றவர் ஒருவர் மட்டும் இருந்தார். நியூயார்க் நகரில் ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் மர்பி என்பார், சுண்டெலிகளின் நிணவணுக்களை எக்ஸ் கதிரால் அழித்தால் அவற்றின் உடலில் வேற்றுப் புற்று எளிதில் வேரூன்றுகிறது என்று காட்டினார். நிணவணுக்கள் பெருகும்படி செய்தால் உடல் புற்றை எதிர்த்து நிற்கிறது என்றும் 1915-இல் மார்ட்டன் என்பவருடன் சேர்ந்து எழுதினார். இன்று படிக்கும்போது வியப்பாக இருக்கிறது. ஆனால் அன்று அது காற்றோடு போயிற்று. நிணவணுவின் தொழில் இன்னதென்று 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் உறுதிப்பட்டது. ஒருவர் தம் காலத்துக்கு நாற்பத்தைந்து ஆண்டு முன்னதாகப் பேசினால் கேட்பார் யார்?

இதற்கிடையே நம் நாட்டில் கதிர் மருத்துவம் சுடும் கருவி என்ற அளவிலேயே வளர்ந்தது. சென்னைப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934-இல் அமைந்தது. புற்றுநோய்க்குத் தங்கையைப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் 1954-இல் பன்னிரண்டு படுக்கைகளுடன் பிறந்தது. சில ஆண்டுகளுக்குள் அங்குக் கோபால்ட் கருவியும் வந்து சேர்ந்தது. வாய்ப்புற்றும் கருப்பைவாய்ப் புற்றும் கண்ட எத்தனையோ பேரை அக்கருவிகள் மீட்டன. உடலின் எதிர்ப்பாற்றல் என்ன ஆகிறது என்று கேட்க அப்போது ஒருவருக்கும் நேரமில்லை. கேட்டிருந்தாலும் அளந்து பார்க்கும் வழி இல்லை.

1953-ஆம் ஆண்டு மோல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி ஒரு புதிய சொல்லைப் படைத்தார். கதிர் பட்ட இடத்தில் அன்றி, படாத இடத்திலும் அதன் விளைவு தோன்றுவதுண்டு; அதனை ‘அப்ஸ்கோபல்’ விளைவு என்றார். ‘அப்’ என்பது விலகி என்று பொருள்படும் இலத்தீன். ‘ஸ்கோபஸ்’ என்பது குறி என்று பொருள்படும் கிரேக்கம். இரு மொழிகளை ஒட்டவைத்த இச்சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று, தொழில் பழக்கத்தால், பல நாள் எண்ணியிருக்கிறேன். ‘குறிக்கு அப்பால்’ என்பதைவிட நல்லது கிட்டவில்லை. மார்பில் உள்ள கட்டிக்குக் கதிர் வைக்க, ஈரலில் உள்ள கட்டி சுருங்குவது போன்ற நிகழ்ச்சி இது. மிக அரியது. 1969 முதல் 2014 வரை உலக மருத்துவ ஏடுகளைத் துருவியவர்கள் கண்டெடுத்த நோயாளிகள் நாற்பத்தாறு பேரே.

அரியதாயினும் அது ஏன் நிகழ்கிறது? முதல் திறவுகோல் 1979-இல் கிடைத்தது. ஹெலன் ஸ்டோன் என்ற அம்மையாரும் அவருடைய தோழர்கள் இருவரும் அமெரிக்காவில் புற்று வளர்த்த சுண்டெலிகளுக்குக் கதிர் செலுத்தினர். பாதி எலிகளில் கட்டி முற்றும் நீங்க, நல்ல உடல் கொண்டவற்றுக்கு 30 கிரே அளவு கதிர் போதுமாயிருந்தது. ‘டி’ வகை நிணவணுக்கள் நீக்கப்பெற்றவற்றுக்கோ 64 கிரேக்கும் மேல் தேவைப்பட்டது. கதிரே ஒரே கருவி என்றால் இவ்வேறுபாடு வரலாகாது. வேலையில் பாதியை உடல் தானே செய்கிறது என்பதன்றோ இதன் பொருள்? 2004-இல் நியூயார்க்கில் சாண்ட்ரா டெமாரியா குழுவினர் ஒரே எலியில் இரு கட்டிகளை வளர்த்து, எதிர்ப்பணுக்களைப் பெருக்கும் மருந்தும் தந்து, ஒரு கட்டிக்கு மட்டும் கதிர் வைத்தனர். மற்றதன் வளர்ச்சியும் தடைப்பட்டது. ‘டி’ அணு இல்லாத எலிகளில் அவ்வாறு நிகழவில்லை.

நடப்பது இதுதான். கதிர் பட்டு மடியும் புற்றணு சத்தமின்றி மடிவதில்லை. அது உடையும்போது, தன்னை இன்னாரென்று காட்டிக்கொடுக்கும் துணுக்குகளைச் சிந்துகிறது. அத்துணுக்குகளைக் கிளையணு என்னும் ஒருவகை அணு பொறுக்கி, அருகிலுள்ள நிணக்கணுவுக்கு எடுத்துச் செல்கிறது. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் ‘நெறி கட்டும்’ என்கிறோமே, அந்த இடமே நிணக்கணு. அங்குதான் ‘டி’ அணுக்கள் பகைவனின் முகத்தை அறிந்துகொள்கின்றன. கிளையணுவை 1973-இல் விளக்கிய ரால்ப் ஸ்டைன்மன், தாமே கணையப் புற்றால் தாக்குண்டு, தம் கண்டுபிடிப்பையே தமக்கு மருந்தாக்கிக்கொண்டவர். 2011-இல் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, அவர் இறந்து மூன்று நாளாகியிருந்தது.

ஆனால் கதிரின் அளவு மிகுந்தால் காரியம் கெடுகிறது. எலிகளில் 8 கிரே வீதம் மூன்று முறை வைத்தது எதிர்ப்பாற்றலை எழுப்பியது. 20 கிரேயை ஒரே முறையில் வைத்தது எழுப்பவில்லை. சிதறும் மரபணுத் துண்டுகளே உடலுக்கு அபாயச் சங்கு. கதிர் வரம்பு மீறினால் அணு ஒரு நொதியைச் சுரந்து அத்துண்டுகளைத் தின்றுவிடுகிறது என்று 2017-இல் விளங்கிற்று. முனைவர் பட்டம் பெற்ற பின்னும் சில ஆண்டுக்கால உதவித்தொகையை நம்பி ஆய்வுக்கூடத்தில் இரவு பகலாக எலிகளை எண்ணிக்கொண்டிருக்கும் இளைஞர்களின் உழைப்பு இத்தகைய முடிவுகளில் பெரிதும் அடங்கியிருக்கிறது. பத்திரிகைகளில் அவர்கள் படம் வருவதில்லை.

பெங்களூருக்கும் இக்கதையில் ஓர் இடம் உண்டு. எதிர்ப்பாற்றலின் ஆயுதமாகிய எதிர்ப்பொருளையே மருந்தாக வார்த்து, கதிரோடு சேர்த்துக் கொடுக்கும் முறை 2006-இல் இங்கிருந்து நாட்டுக்கு அறிமுகமாயிற்று. கியூபா நாட்டு விஞ்ஞானிகள் உருவாக்கிய நிமோட்டுசுமாப் என்ற அம்மருந்தைப் பெங்களூர் பயோகான் நிறுவனம் வெளியிட்டது. தலை, கழுத்துப் புற்று கண்ட இந்திய நோயாளிகள் 92 பேரிடம் முதலில் சோதித்தனர். அது சிறு எண்ணிக்கையே. பின்னர் மும்பை டாட்டா நிலையத்தார் 536 பேரிடம் சோதித்து, நோய் மீண்டும் தலைதூக்குவது தள்ளிப்போகிறது என்று 2019-இல் அறிவித்தனர்.

எதிர்ப்பணுக்களின் கட்டை அவிழ்த்துவிடும் புதிய மருந்துகளின் வரலாறோ ஏறுமாறானது. நுரையீரல் புற்றில் கதிருக்குப் பின் அத்தகைய மருந்து ஒன்றைக் கொடுத்தபோது, நோய் அடங்கியிருந்த காலம் 5.6 மாதத்திலிருந்து 16.8 மாதமாக உயர்ந்தது என்று 2017-இல் கண்டனர். அதே வழியைத் தலை, கழுத்துப் புற்றில் 697 பேரிடம் கையாண்ட சோதனையின் முடிவு 2021-இல் வெளிவந்தது, பயன் இல்லை. கழுத்தின் நிணக்கணுக்கள்மீதும் கதிரைப் பாய்ச்சியதால், பயிற்சி பெறும் இடத்திலேயே படை அழிந்திருக்கலாம் என்று அறிஞர் சிலர் கருதுகின்றனர். புகையிலையும் பாக்கும் மெல்லும் நம் நாட்டில் மிகுதியாகக் காண்பது இப்புற்றே என்பதால், இத்தோல்வி நமக்கு மற்றவர்களினும் வலிக்கிறது.

மூதாட்டியின் ஐயம், ஆகவே, வீணானதன்று. கதிர் சிலவற்றை எரிக்கிறது; சிலவற்றை எழுப்புகிறது. ஆனால் தொடங்கிய மருத்துவத்தை இடையில் நிறுத்தினால், எஞ்சிய புற்றணுக்கள் முன்னினும் விரைந்து பெருகும் என்பதில் மருத்துவரிடையே கருத்து வேறுபாடு இல்லை.

அடுத்த வாரமும் அதே வரிசையில் அவரைக் கண்டேன். நூலில் கண்டவற்றுள் என்னால் இயன்றதைச் சொன்னேன். நெறி கட்டுவது பற்றிய பகுதி அவருக்கு உடனே விளங்கியது. நொதியும் மரபணுவும் விளங்கவில்லை.

“அப்போ நிறுத்த வேணாம்னு சொல்றீங்க” என்றார்.

“நிறுத்த வேண்டாம், அம்மா. மீதியை டாக்டரிடம் கேளுங்கள்” என்றேன்.

இன்றோடு பன்னிரண்டு நாள் ஆயிற்று என்று விரல் விட்டு எண்ணிக் காட்டிவிட்டு, கணவரின் பெயர் கூப்பிடப்படவே எழுந்து உள்ளே சென்றார்.