ஒரே கூரை, பல கதவுகள்

நம் லயங்களுக்கு வரும் கடிதத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். தோட்டத்தின் முகவரி ஒன்றுதான். அந்த ஒரே முகவரிக்கு நூறு குடும்பங்களின் கடிதங்கள் வருகின்றன. உறையிலுள்ள ஆளின் பெயரைப் பார்த்தே இன்னாருக்கு உரியது என்று பிரிக்கிறார்கள். பெயர் மாறினால் கடிதம் வேறு கதவுக்குப் போய்விடும். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு நாள் கடந்தபின் கைக்கு வந்த துயரம் நம்மில் பலருக்கு உண்டு. கணினி உலகிலும் இதே சிக்கல் இருந்தது. அது தீர்ந்த வரலாற்றில் சிங்கப்பூருக்கும் தமிழுக்கும் பங்கு உண்டு.

1995ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூரில் கட்டடத்துக்குக் கட்டடம் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு வழங்குகிறது. லிட்டில் இந்தியாவின் தேக்கா நிலையமும் அத்தகைய ஒரு கட்டடமே. உள்ளே மீன்கடை, காய்கறிக்கடை, துணிக்கடை, சாப்பாட்டுக்கடை என எத்தனையோ! எண் கட்டடத்தைக் காட்டும். கடையைக் காட்டுவது பெயர்ப்பலகைதான்.

இணையத்தில் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் உண்டு. தொடக்கத்தில், பக்கம் கேட்டு வருபவர் அந்த எண்ணைத் தேடி வருவார். எந்தத் தளத்தை நாடி வந்தார் என்று சொல்லமாட்டார். ஆகவே தளத்துக்கு ஓர் எண் தேவைப்பட்டது. 1997 ஜனவரியில் வெளியான எச்.டி.டி.பி. 1.1 என்னும் விதி, கேட்பவர் தளத்தின் பெயரையும் சொல்லியாக வேண்டும் என்றது. அதன் பயனாக ஒரே கணினியில் பள்ளிக்கூடம், நூலகம், கோயில் ஆகியவற்றின் தளங்கள் ஒன்றாகக் குடியிருக்கலாம். இந்த ஏற்பாட்டை ‘வெர்ச்சுவல் ஹோஸ்ட்’ என்பர்.

லினக்ஸ் கணினியில் இதை அமைப்பது கடினமன்று. முதலில், தளத்தின் பெயர் இந்தக் கணினியின் எண்ணைச் சுட்டுமாறு பதிவு செய்யவேண்டும். அடுத்து, தளத்துக்குத் தனி அறைபோல் ஒரு கோப்புறை ஒதுக்கவேண்டும். பிறகு ‘அப்பாச்சி’ என்னும் மென்பொருளின் குறிப்பேட்டில், இன்ன பெயருக்கு இன்ன அறை என்று எழுதவேண்டும். பிழை உண்டா என்று சரிபார்த்து, அதனை மறுபடி படிக்கச் செய்யவேண்டும். பெயர் பொருந்தாவிட்டால் வந்தவர் பட்டியலின் முதல் கதவுக்கே அனுப்பப்படுவார். நம் கடிதக் கதைதான்!

அந்தப் பெயர் தமிழில் இருக்கலாகாதா? சிங்கப்பூரில் ஆசிரியர் பயிற்சி விரிவுரையாளராக இருந்த நா. கோவிந்தசாமி, தமிழைக் கணினியில் எழுதக் ‘கணியன்’ முறையை உருவாக்கினார். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகள் தமிழ் உட்பட நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறின. அதில் அவர் உழைப்பு உண்டு. 1999இல் அவர் மறைந்தார். 1998இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ குழுவினர், பிறமொழி எழுத்துகளிலும் தளப்பெயர் அமைய வழிகண்டனர். 2003இல் அதற்கு உலகப் பொதுவிதி வந்தது. 2010இல் ‘.இலங்கை’யும் 2011இல் ‘.சிங்கப்பூர்’, ‘.இந்தியா’ ஆகியவையும் இடம்பெற்றன.

ஒன்றை மறக்கலாகாது. தமிழ்ப் பெயரைக் கணினி உள்ளே ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த மாற்றுருவிலேயே அறிகிறது. அப்பாச்சியின் குறிப்பேட்டில் அந்த மாற்றுருவையே எழுதவேண்டும். தவறினால் தமிழ்ப் பெயரைத் தேடி வந்தவர் அயலார் வாசலில் நிற்பார்.

ஒரே கூரையின் கீழ் வாழ்வது குறையன்று. ஒவ்வொரு கதவுக்கும் தனிப்பெயர் வேண்டும். அந்தப் பெயர் சரியாகப் பதிவாகவும் வேண்டும். கணினிக்குக் கிடைத்த இந்த நீதி, நம் லயத்துக் கதவுகளுக்கும் கிடைக்க வேண்டாமா? எண்ணிப் பார்ப்போம்.